யார் மேல தப்பு?

திருவண்ணாமலையில் ஒரு தெருவுக்கு ‘திருவூடல் தெரு’ என்று பெயர். புருஷன் பெண்டாட்டி சண்டையின் பெயரைத் தாங்கி நிற்கும் தெரு!

தை மாதம் இரண்டாம் நாள், அதாவது மாட்டுப் பொங்கலன்று, அங்கே கூட்டம் நெரியும். சண்டை போடுகிறவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. அண்ணாமலையாரும் உண்ணாமுலை அம்மனும். காரணம், பிருங்கி முனிவர். ‘சிவனை மட்டும்தான் கும்பிடுவேன், பக்கத்திலிருக்கும் அம்பாளைக் கும்பிட மாட்டேன்’ என்று அடம்பிடித்த ஆசாமி அவர். அவருக்குத் தரிசனம் கொடுக்க சுவாமி கிளம்புகிறார். ‘என்னை மதிக்காதவனுக்கு நீங்க எப்படித் தரிசனம் கொடுக்கலாம்?’ என்று அம்மனுக்குக் கோபம். விறுவிறுவென்று கோயிலுக்குத் திரும்பிவிடுகிறார். கதவு சாத்தப்படுகிறது.

சமாதானம் பேசப் போகிறவர் சுந்தரமூர்த்தி நாயனார். திருவாரூரில் தன் மனைவி பரவையாரின் கோபத்தைத் தணிக்க சிவனையே தூது அனுப்பியவர், இங்கே சிவனுக்காகத் தூது போகிறார். பலிக்கவில்லை. சுவாமி மறுநாள் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலம் போய், பிருங்கிக்கும் காட்சி கொடுத்துவிட்டுத் திரும்புகிறார். அப்புறம்தான் சமாதானம். அதற்கு ‘மறுவூடல்’ என்று பெயர்.

இத்தனைக்கும் அம்மன் தவமிருந்து சுவாமியின் உடம்பில் பாதியை வாங்கிய ஊர் இதுதான் என்கிறது புராணம். கார்த்திகை தீபத்தன்று மாலை, அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடங்களே வெளியே வந்து காட்சி தருவதும் இதே கோயிலில்தான். உடம்பையே பங்கு போட்டுக்கொண்டவர்களுக்கும் சண்டை வரும் என்பதை இந்த ஊர் வெட்கப்படாமல் ஒப்புக்கொண்டிருக்கிறது.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தத் தெருவில் நிற்கும் ஆயிரக்கணக்கான ஜனங்களில் ஒருவர்கூட ‘யார் மேல தப்பு?’ என்று கேட்பதில்லை. தீர்ப்புச் சொல்லும் வேலையும் யாருக்கும் இல்லை.

நம் வீட்டு விவகாரத்தில் மட்டும் முதல் கேள்வியே அதுதான். பக்கத்து வீட்டுப் பெண் பெட்டியோடு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள் என்றால் தெரு முழுக்க விசாரணைக் கமிஷன் உட்கார்ந்துவிடும். அவன் குடிகாரனா? இவளுக்கு வாய் ஜாஸ்தியா? மாமியார் கொடுமையா? யாரோ ஒருவர் குற்றவாளியாக இருந்தே ஆகவேண்டும். ‘ரெண்டு பேருமே நல்லவங்கதான், ஒத்து வரலை’ என்று யாராவது சொன்னால், ‘இவங்க எதையோ மறைக்கிறாங்க’ என்போம்.

தெருவை விடுங்கள். சட்டமே பல காலம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது, எப்படிப் பாதி மட்டும் போனது என்பதுதான் இந்த வாரக் கதை.

*

‘விவாகரத்து என்பதே வெள்ளைக்காரன் கொண்டுவந்தது’ என்று அடித்துச் சொல்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். சரிதானா?

1905-ல் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர், மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் ஓலைச்சுவடிக் கட்டு ஒன்றைக் கொடுத்தார். நூலகர் சாமசாஸ்திரி அதைப் பிரித்துப் படித்து, 1909-ல் பதிப்பித்தார். அதுதான் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். ராஜதந்திரம், வரி, ஒற்றர் படை என்று போகும் அந்தப் புத்தகத்தில், கல்யாணத்துக்கும் இடம் இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் வெறுப்பு, மற்றவருக்குச் சம்மதமில்லை என்றால் பிரிய முடியாது. இருவருக்குமே ஒருவர் மேல் ஒருவர் வெறுப்பு என்றால் பிரியலாம் என்கிறது விதி. எல்லாக் கல்யாணத்துக்கும் இது செல்லாது. உயர்ந்தவையாகக் கருதப்பட்ட நான்கு வகைத் திருமணங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆனால், ‘இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை, அது போதும்’ என்ற யோசனை இந்த மண்ணில் எவ்வளவு பழசு பாருங்கள்!

இஸ்லாமியச் சட்டத்தில் ‘முபாரஆ’ என்று ஒன்று உண்டு. கணவனும் மனைவியும் பேசி, ஒருவரை ஒருவர் விடுவித்துக்கொள்வது. அதுவும் பல நூற்றாண்டு வழக்கம்.

நம் கிராமங்களில்? ‘அறுத்துக் கட்டுதல்’ என்ற சொல்லே போதும். ஊர்ப் பஞ்சாயத்தில் தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பரிசப் பணக் கணக்கைத் தீர்த்துக்கொண்டு, வேறு கல்யாணம் செய்துகொள்ளும் வழக்கம் பல சமூகங்களில் இருந்தது. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட ‘தென்னிந்திய சாதிகளும் பழங்குடிகளும்’ தொகுதிகளில், மதுரைப் பக்கத்துத் துரும்பு வழக்கத்தைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. ஊரார் முன்னிலையில் கணவன் ஒரு துரும்பை எடுத்து மனைவி கையில் கொடுப்பான். ‘துரும்பு கொடுத்தான்’ என்றால் விலக்கினான். ‘துரும்பு வாங்கினாள்’ என்றால் ஒப்புக்கொண்டாள். 1955-ம் வருட இந்துத் திருமணச் சட்டம்கூட இந்த மாதிரி வழக்கத்து விவாகரத்தை ரத்து செய்யவில்லை. 29-வது பிரிவில் இடம் விட்டு வைத்திருக்கிறது. அப்படி ஒரு வழக்கம் உண்டு என்று நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் பொற்காலம் என்று தூக்கிவைத்துக்கொள்ள வேண்டாம். துரும்பைக் கொடுக்கும் கை பெரும்பாலும் ஆண் கை. பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்ததும் ஆண்களே. சொல்ல வந்தது, பிரிவு என்பது நமக்குப் புதிது இல்லை.

*

அப்படியானால் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது எது? குற்றவாளிக் கூண்டு!

இங்கிலாந்தில் 1857-ல்தான் விவாகரத்து சாதாரண கோர்ட்டுக்கு வந்தது. அதே அச்சில் வார்க்கப்பட்டு, கிறிஸ்தவர்களுக்கான இந்திய விவாகரத்துச் சட்டம் 1869-ல் இங்கே வந்தது. மனைவி வேறொருவனோடு தொடர்பு வைத்திருந்தால் கணவனுக்கு விவாகரத்து. கணவன் அதே காரியத்தைச் செய்தால்? அது மட்டும் போதாது. கூடவே கொடுமை செய்திருக்க வேண்டும், அல்லது கைவிட்டுப் போயிருக்க வேண்டும். இந்த ஓரவஞ்சனை சட்டப் புத்தகத்திலிருந்து போனது 2001-ல்!

இன்னொரு விசித்திரமும் உண்டு. ஒருவர் குற்றவாளி, இன்னொருவர் அப்பாவி என்றால்தான் விவாகரத்து கிடைக்கும். இருவரும் பேசிவைத்துக்கொண்டு வந்தால் அது ‘கூட்டுச் சதி’. கேஸ் தள்ளுபடி. அதாவது, சண்டை போட்டால் பிரியலாம். ஒத்துப்போனால் பிரிய முடியாது!

மனிதன் சும்மா இருப்பானா? நாடகம் போட்டான். இங்கிலாந்தில் கணவன்மார்கள் கடலோர ஊர் ஹோட்டலில் ரூம் போடுவார்கள். யாரோ ஒரு பெண், காசுக்கு வந்து கூட உட்கார்ந்திருப்பாள். காலையில் காபி கொண்டுவரும் பணியாள் பார்ப்பார். அவரே சாட்சி. 1936-ல் எட்டாம் எட்வர்ட் மன்னர் யாருக்காக முடியைத் துறந்தாரோ, அந்த வாலிஸ் சிம்ப்ஸனின் விவாகரத்தே இப்படி ஹோட்டல் ஊழியர்களின் சாட்சியத்தில்தான், இப்ஸ்விச் கோர்ட்டில் கிடைத்தது. இந்தக் கூத்தை நையாண்டி செய்து 1934-ல் நாவல் எழுதிய ஏ.பி.ஹெர்பர்ட், அடுத்த வருடம் எம்.பி. ஆகி, 1937-ல் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்தவும் வைத்தார். ஆனால், ‘குற்றவாளி யார்?’ என்ற கேள்வி மட்டும் அப்படியே இருந்தது.

*

நம் ஊருக்கு வருவோம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு. கணவனோ மனைவியோ, பிடிக்காத மணவாழ்க்கையிலிருந்து விலகிக்கொள்ள உரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். பெரியார் தன் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ புத்தகத்தில் ‘கல்யாண விடுதலை’ என்று தனி அத்தியாயமே வைத்தார். மெட்ராஸ் மாகாணம் 1949-ல் இருதார மணத்தைத் தடுத்து, இந்துக்களுக்கு விவாகரத்தையும் அனுமதிக்கும் சட்டம் போட்டது. நாடு முழுமைக்கும் சட்டம் வருவதற்குள் பெரிய அமளி. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா கிடப்பில் போடப்பட்டது, அம்பேத்கர் 1951-ல் மந்திரி பதவியை விட்டு விலகியதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

கடைசியில் 1955-ல் இந்துத் திருமணச் சட்டம் வந்தது. பிரமாதம் என்று நினைப்பீர்கள். அதில் இருந்த விவாகரத்துக் காரணங்களைப் பாருங்கள்: கள்ள உறவில் வாழ்ந்துகொண்டிருப்பது, மதம் மாறுவது, தீராத மனநோய், தொழுநோய், பால்வினை நோய், சந்நியாசம், ஏழு வருடம் ஆளைக் காணோம்... அடித்துத் துன்புறுத்துவதும் கைவிட்டு ஓடுவதும் நேரடிக் காரணங்களாக இல்லை. அவற்றுக்குக் கிடைத்தது ‘நீதிமன்றப் பிரிவு’ மட்டும். அந்த உத்தரவுக்கு அப்புறமும் சில வருடம் காத்திருக்க வேண்டும். பரஸ்பர சம்மதம்? பேச்சே இல்லை. ‘பேசிவைத்துக்கொண்டு வரக்கூடாது’ என்ற ஆங்கிலேய விதியும் 23-வது பிரிவில் வந்து உட்கார்ந்துகொண்டது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு ஒரு வருடம் முன்னால், 1954-ல் வந்த சிறப்புத் திருமணச் சட்டத்தில் பரஸ்பர சம்மதப் பிரிவு இருந்தது. ரிஜிஸ்டர் ஆபீஸில் அந்தச் சட்டப்படி கல்யாணம் செய்தவர்கள் பேசிப் பிரியலாம். அக்னி சாட்சியாகச் செய்தவர்கள் முடியாது!

அடியேன் படித்தது பி.காம். அதனால் ஒரு கணக்கு தோன்றுகிறது. 1932-ம் வருடப் பார்ட்னர்ஷிப் சட்டப்படி, கூட்டாளிகள் எல்லோரும் சம்மதித்தால் கம்பெனியைக் கலைத்துவிடலாம். கடனை அடை, முதலைப் பிரி, மிச்சத்தைப் பங்கு போடு. எந்தக் கூட்டாளி அயோக்கியன் என்று யாரும் கேட்பதில்லை. மளிகைக் கடைக்கு 1932-ல் கிடைத்த இந்த மரியாதை, இந்துக் குடும்பத்துக்குக் கிடைக்க இன்னும் 44 வருடம் ஆனது.

அதுவரை மனிதர்கள் பட்ட பாட்டுக்கு ஒரு வழக்கு போதும். தஸ்தானே வழக்கு. 1956-ல் கல்யாணம். 1961-ல் பிரிந்துவிட்டார்கள். கணவர் கோர்ட்டுக்குப் போனார். கீழ்க்கோர்ட், மேல்கோர்ட் என்று ஏறி இறங்கி, 1975 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. மனைவி நடந்துகொண்டது கொடுமைதான். ஆனால், அதற்குப் பிறகும் கணவர் சேர்ந்து குடும்பம் நடத்தி, குழந்தையும் பிறந்திருப்பதால், அதை மன்னித்துவிட்டதாகவே அர்த்தம். மனு தள்ளுபடி! 14 வருடம் தனித்தனியாக வாழ்ந்தவர்கள், சட்டத்தின் கண்ணில் தம்பதியாகவே வீட்டுக்குப் போனார்கள். எந்தக் காபியில் யார் என்ன சொன்னார்கள் என்பது வரை அலசப்பட்டது; ‘இனி சேர்ந்து வாழ முடியுமா?’ என்பது கேள்வியாகவே இல்லை.

*

இதற்குள் வெளியே காற்று மாறிவிட்டது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணம் ஒரு சட்டம் போட்டது. ‘தீராத கருத்து வேறுபாடு’ என்றால் போதும், குற்றம் நிரூபிக்க வேண்டாம். 1969 செப்டம்பரில் கையெழுத்துப் போட்ட கவர்னர் யார் தெரியுமா? பிற்பாடு ஜனாதிபதியான ரொனால்ட் ரீகன். ‘மனரீதியான கொடுமை’ என்று குற்றம் சாட்டப்பட்டு முதல் மனைவியிடமிருந்து விவாகரத்து ஆனவர்! 1970 ஜனவரி 1-ம் தேதி அது அமலுக்கு வந்தது. ‘நோ ஃபால்ட் டைவர்ஸ்’ என்று உலகம் சொல்வது இதைத்தான். மற்ற மாகாணங்கள் வரிசையாகப் பின்தொடர, கடைசியாக நியூயார்க் வந்து சேர்ந்தது 2010-ல். நமக்குக் கூண்டைக் கொடுத்த இங்கிலாந்து, 2022 ஏப்ரலில்தான் தன் கூண்டை முழுசாக எடுத்தது.

இந்தியாவில் 1976 மே மாதம் இந்துத் திருமணச் சட்டத்தில் ‘13-பி’ என்ற பிரிவு சேர்ந்தது. கொடுமையும் கைவிடுதலும் நேரடிக் காரணங்களானதும் அந்தத் திருத்தத்தில்தான். 13-பி சொல்வது இவ்வளவே: குறைந்தது ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும், சேர்ந்து வாழ முடியவில்லை, பிரிய இருவரும் சம்மதிக்கிறோம். இருவரும் சேர்ந்து ஒரே மனுவாகப் போடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் மறுபடி வந்து ‘அதே முடிவுதான்’ என்று சொன்னால், நீதிபதி விசாரித்து முடித்துவைக்கிறார். காரணம் விலாவாரியாகச் சொல்லத் தேவையில்லை.

நடுவில் அந்த ஆறு மாதம் எதற்கு? சுவாமி மலையைச் சுற்றி வரும் நேரம் மாதிரிதான்! மனசு மாறினால் மாறட்டும். தீர்ப்பு வரும்வரை யாரும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம் என்று 1991-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஏற்கெனவே வருடக்கணக்கில் பிரிந்திருந்து, எல்லாம் பேசி முடித்துவிட்டவர்களுக்கு அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் சொன்னது.

பேசி முடிப்பது என்றால் என்ன? இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நகை யாருடையது, சீர் சாமான் எங்கே, ஜீவனாம்சம் மாதாமாதமா மொத்தமாகவா, பிள்ளை யாரிடம், மற்றவர் எந்தக் கிழமை வந்து பார்ப்பது, ஸ்கூல் ஃபீஸ் யார் தலையில் என எல்லாவற்றையும் எழுத்தில் வைக்க வேண்டும். இருவர் பேரில் வீட்டுக் கடன் இருந்தால், ‘இனி அவர் கட்டுவார்’ என்று கோர்ட்டில் எழுதிக் கொடுப்பது பேங்க்கைக் கட்டுப்படுத்தாது. பேங்க்கிலும் போய்ப் பேசி மாற்ற வேண்டும். இன்ஷூரன்ஸ் பாலிசியில், பி.எஃப்.பில் நாமினி யார் என்று பாருங்கள். பிள்ளையின் ஜீவனாம்சத்தை மட்டும் அம்மாவோ அப்பாவோ ‘வேண்டாம்’ என்று விட்டுக்கொடுக்க முடியாது. அது பிள்ளையின் உரிமை.

தனியாகப் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் பழைய சண்டை ஆரம்பிக்குமா? அதற்கும் வழி இருக்கிறது. 2005 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தில் ஒரு சமரச மையம் தொடங்கினார்கள். நாட்டிலேயே ஒரு நீதிமன்றத்தோடு இணைந்த முதல் மையம் அது. அங்கே உட்காருகிற சமரசர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். சுந்தரர் வேலைதான் அவருக்கு. சேர்த்துவைக்க முடிந்தால் சந்தோஷம். இல்லாவிட்டால் கௌரவமாகப் பிரித்துவைப்பார். வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்லாத பெண்கள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண் என்றால் வருமானக் கணக்கே கேட்காமல் இலவச உதவி உண்டு. 1987-ம் வருடச் சட்டம் அது.

*

எல்லாம் சுபமா? இல்லை. கேள்வி பாதிதான் போனது என்று ஆரம்பத்திலேயே சொன்னேனே!

இருவரும் சம்மதித்தால்தான் 13-பி. ஒருவர் ‘முடியாது’ என்றால்? பழையபடி குற்றம் நிரூபிக்க வேண்டும். அங்கேதான் மனுக்களில் சேறு ஏறுகிறது. ‘ஒத்து வரவில்லை’ என்று எழுதினால் கிடைக்காது என்பதால், மாமனார் தொடங்கி நாத்தனார் வரை எல்லோரையும் வில்லனாக்க வேண்டியிருக்கிறது. பதிலுக்கு அந்தப் பக்கமும் நடத்தையைப் பற்றி எழுதும். பத்து வயதுப் பிள்ளை கோர்ட் வராந்தாவில் நின்று இதையெல்லாம் கேட்கும்.

‘மீட்க முடியாதபடி முறிந்த திருமணம்’ என்பதையே ஒரு காரணமாக்குங்கள் என்று சட்டக் கமிஷன் 1978-ல் சொன்னது. அப்போது தலைவர், நெருக்கடி நிலைக் காலத்தில் தனித்து நின்று தீர்ப்பெழுதிய நீதிபதி எச்.ஆர்.கன்னா. 1981-ல் மசோதா வந்தது, காலாவதியானது. 2006-ல் சுப்ரீம் கோர்ட் அரசுக்குப் பரிந்துரை செய்தது. 2009-ல் சட்டக் கமிஷன் மறுபடி சொன்னது. 2010-ல் மசோதா வந்து, 2013-ல் ராஜ்யசபாவில் நிறைவேறியது. 2014-ல் மக்களவை கலைந்ததோடு அதுவும் போயிற்று.

ஏன் இப்படி? பெண்கள் அமைப்புகள் பல எதிர்த்தன. அதில் நியாயம் இருந்தது. இருபது வருடம் சமைத்து, பிள்ளை வளர்த்து, தன் பேரில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத பெண்ணிடம், ‘முறிந்துவிட்டது, கிளம்பு’ என்று சொல்ல ஒரு கணவனுக்குச் சுலபமான சாவி கொடுப்பதா? அவள் ‘சம்மதிக்க மாட்டேன்’ என்று சொல்வதுதான் பேரம் பேச அவளிடம் இருக்கும் ஒரே ஆயுதம். அதையும் பிடுங்குவதா? 2013-ல் நிறைவேறிய வடிவத்தில் கணவனின் சொத்தில் மனைவிக்குப் பங்கு பற்றியும் வந்ததற்குக் காரணம் இந்தப் பயம்தான். சாவியைக் கொடுப்பதென்றால், கூடவே சொத்தில் பங்கும் கொடு. அந்த இரண்டும் சேர்ந்து வரும்வரை, இந்த எதிர்ப்பை ‘பிற்போக்கு’ என்று தள்ளிவிட முடியாது.

2023 மே 1-ம் தேதி ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்பு சொன்னது. முறிந்துபோன திருமணத்தை, ஒருவர் எதிர்த்தாலும், அரசியல் சட்டத்தின் 142-வது பிரிவைக் கொண்டு சுப்ரீம் கோர்ட் கலைக்கலாம். ஆனால் அந்த அதிகாரம் சுப்ரீம் கோர்ட்டுக்கு மட்டும். திருவண்ணாமலை கோர்ட்டில் மனு போடுகிறவருக்கு அது டெல்லி தூரம். அவருக்குக் கையில் இருக்கும் நிஜமான வழி, எதிரே உட்கார்ந்திருப்பவரின் சம்மதம் ஒன்றுதான்.

அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன். அடிதடி, மிரட்டல் இருக்கும் வீட்டுக்கு இது பொருந்தாது. அங்கே குற்றவாளி நிஜமாகவே இருக்கிறார். அங்கே போலீஸும் கோர்ட்டும் வேண்டும். மற்ற வீடுகளில், சட்டம் சம்மதத்தைக் கேட்கிறது. சம்மதத்தை முதலில் கெடுப்பவர்கள் யார்? பல நேரம் அந்தத் தம்பதி இல்லை. சுற்றியிருக்கும் நாம்தான். ‘விடாதே, அவனை நாறடிச்சுடு’ என்று ஏற்றிவிடும் மாமா, ‘அவளுக்கு ஒரு பைசா கொடுக்காதே’ என்று ஓதும் அத்தை.

உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ அப்படி இரண்டு பேர் இருந்தால், அடுத்த முறை ‘யார் மேல தப்பு?’ என்று கேட்காதீர்கள். ‘பிள்ளையை எந்தக் கிழமை யார் பார்த்துக்கப் போறீங்க?’ என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்துவிட்டால், பாதிக் கேஸ் முடிந்த மாதிரி.